தானே கற்றவனுக்கு ஆசிரியர் எதற்கு?



ஒரு மனிதன் தனக்குத் தானே ஆசிரியனாக இருக்கக் கூடுமா? குருமடங்களிலே தத்துவ சாஸ்திரம் படிப்பவர்கள் விவாதிக்கிற பழைய கேள்வி இது. இது சாஸ்திரிமாருக்கு மட்டும் உரியதென்று எண்ணி இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இதே கேள்வி இன்று நம் வீட்டுத் திண்ணையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒரு வீட்டிலே படம் வரைகிற பிள்ளை இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கார்ட்டூன் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நோட்டு நோட்டாக வரைந்து, பிறகு கம்ப்யூட்டரிலும் பழகித் தானாகவே தேறிவிட்டான். வரைந்த உருவங்களை நடக்கவும் சிரிக்கவும் அழவும் செய்கிற கலையைப் பாத்திர அனிமேஷன் என்கிறார்கள். அதை ஒரு கல்லூரியில் சேர்ந்து முறையாகப் படிக்க வேண்டும் என்கிறான். தகப்பனார் கேட்கிறார்: "அதுதான் உனக்கே வருகிறதே, பின்னே பணம் கட்டிப் படிப்பானேன்?" கூட்டாளிகள் சொல்கிறார்கள்: "உனக்கு யாரடா கற்றுக்கொடுக்க முடியும்?" தகப்பனார் வார்த்தையில் இருப்பது பணக் கவலை. கூட்டாளிகள் வார்த்தையில் இருப்பது அதைவிட ஆபத்தானது. ஏழு தலையான பாவங்களுள் முதலாவதாகிய ஆங்காரத்தின் விதை அதிலே கிடக்கிறது. இரண்டையும் நிதானமாய் ஆராய்வோம்.

முதலில் அந்தச் சொல்லைக் கவனியுங்கள். லத்தீன் மொழியில் "அனிமா" என்றால் ஆத்துமம். உயிரூட்டுதல் என்பதே அனிமேஷன் என்பதன் பொருள். உள்ளபடி உயிரைக் கொடுக்க வல்லவர் சர்வேசுரன் ஒருவரே. சித்திரக்காரன் கொடுப்பது உயிரின் சாயலை மட்டுமே. ஆயினும் அந்தச் சாயலை உண்டாக்க எவ்வளவு பாடு! திரைப்படச் சுருளில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரே சித்திரத்தை இரண்டு முறை படம்பிடித்துச் சிக்கனம் செய்தாலும், நொடிக்கு 12 சித்திரங்கள், நிமிஷத்துக்கு 720 சித்திரங்கள் வேண்டும். கம்ப்யூட்டர் வந்தபின் கைவேலை மாறியிருக்கிறது. புத்தி செய்ய வேண்டிய வேலை மாறவில்லை.

ஒரு கிழவர் பாறாங்கல்லைத் தூக்குகிறதாகக் காட்ட வேண்டும் என்று வையுங்கள். தூக்குமுன் அவர் காலை அகட்டி ஊன்ற வேண்டும். இடுப்பு தாழ வேண்டும். கல் எழும்புமுன் தோள் இறங்க வேண்டும். இவையெல்லாம் தக்க நேரத்தில், தக்க அளவில் வராவிட்டால், பாறாங்கல் பஞ்சுமூட்டை ஆகிவிடும். அதற்கும் மேலே, அவர் மனமுவந்து தூக்குகிறாரா, வயிற்றுப்பாட்டுக்காக வெறுப்போடு தூக்குகிறாரா என்பதும் பார்ப்பவனுக்கு விளங்க வேண்டும். மனதில் உள்ளதை உடலின் அசைவிலே காட்டுவதுதான் பாத்திர அனிமேஷன். ஆகையால் ஒவ்வொரு சித்திரமும் தனித்தனியே அழகாயிருந்தும், ஓடவிட்டால் உயிரில்லாமல் போகலாம். தானாகக் கற்றவன் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான். ஏதோ சரியில்லை என்று அவன் கண்ணுக்குத் தெரிகிறது. ஏன் சரியில்லை என்று சொல்ல அவனுக்குத் தெரியவில்லை.

இதற்கு மெய்யான சாட்சி ஒருவர் உண்டு. ரிச்சர்ட் வில்லியம்ஸ் என்பவர் 1933-ம் ஆண்டில் கனடா தேசத்து டொரொன்டோ நகரிலே பிறந்தவர். ஓவியக் கல்லூரியில் வரையப் படித்தார். ஆனால் அனிமேஷனைப் பெரும்பாலும் தம் சொந்த முயற்சியாலேயே கற்றுக்கொண்டார். லண்டனுக்கு வந்து, வருஷக்கணக்காக உழைத்து, "லிட்டில் ஐலண்ட்" என்ற படத்தை 1958-ல் வெளியிட்டார். மெய்ம்மை, நன்மை, அழகு என்ற மூன்றில் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்ட மூன்று மனிதர் ஒரு தீவிலே மோதிக்கொள்ளும் கதை அது. படத்துக்குப் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தார் பரிசு கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. பின்பு சொந்த ஸ்டூடியோ வைத்தார். பேரும் தொழிலும் வளர்ந்தன.

1967-ல் டிஸ்னி ஸ்டூடியோவாரின் "ஜங்கிள் புக்" வெளிவந்தது. அதைத் திரையில் பார்த்த வில்லியம்ஸுக்கு ஓர் உண்மை உறைத்தது. அந்தப் படத்தின் சித்திரக்காரர்கள் செய்ததைத் தம்மால் செய்ய முடியாது என்று கண்டுகொண்டார். இந்த இடத்திலே மனித சுபாவம் என்ன செய்யும்? "அது பழைய பாணி, நம்முடையது புதுப் பாணி" என்று சொல்லித் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும். அவர் அப்படிச் செய்யவில்லை. பரிசு பெற்றவர், முதலாளி, முப்பது வயதைக் கடந்தவர், மறுபடியும் மாணாக்கனானார்.

அமெரிக்காவில் முதிர்ந்த சித்திரக்காரர்களைத் தேடிப் பிடித்தார். 1898-ல் பிறந்த கென் ஹாரிஸ் என்பவரைத் தம் ஸ்டூடியோவுக்கு அழைத்து, அவர் அருகில் இருந்து தொழிலைக் கற்றார். 1973-ல் ஆர்ட் பாபிட் என்ற பெரியவர் வந்தபோது, ஸ்டூடியோவின் வேலையை ஒரு மாத காலம் நிறுத்திவைத்து, தம்மிடம் சம்பளம் வாங்குகிறவர்களோடு தாமும் அமர்ந்து பாடம் கேட்டார். எண்பது வயதைத் தாண்டிய கிரிம் நாட்விக் என்பவரையும் விடவில்லை. 1971-ல் அவர் எடுத்த "கிறிஸ்துமஸ் கேரல்" ஆஸ்கார் பரிசு பெற்றது. அதிலே கென் ஹாரிஸின் கை இருந்தது. 1988-ல் வந்த "ரோஜர் ராபிட்" படத்தின் அனிமேஷன் வேலையை நடத்தியவரும் வில்லியம்ஸ்தான். பெரியவர்களிடம் கற்றதையெல்லாம் 2001-ல் ஒரு பாடநூலாக அச்சிட்டுப் பின்வருவோருக்குக் கொடுத்தார். இன்று தானாகக் கற்கிற பிள்ளைகள் பலர் புரட்டுவது அந்த நூலைத்தான்.

இனி சாஸ்திரம் என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்து விசாரித்திருக்கிறார். சர்வேசுரன் கொடுத்த புத்தியின் ஒளியைக்கொண்டு, ஆசிரியர் இல்லாமலே மனிதன் அநேக காரியங்களை அறியக் கூடும் என்று ஒப்புக்கொள்கிறார். அப்படி அறிகிறவன் கூர்மையான புத்தியுள்ளவன் என்றும் மதிக்கிறார். ஆனாலும் அவன் தனக்குத் தானே ஆசிரியன் என்று சொல்லப்படக் கூடாது என்கிறார். ஏன்? கொடுக்கிறவனிடம் பொருள் முன்னதாகவே இருக்க வேண்டும். கற்கிறவனிடமோ அறிவு இனிமேல்தான் வர வேண்டும். இல்லாதவன் எப்படிக் கொடுப்பான்? மேலும், வழி முழுவதையும் அறிந்த ஆசிரியர், மாணாக்கனைச் சீக்கிரமாயும் இலேசாயும் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்றும் காட்டுகிறார்.

அதே வேதபாரகர் சொல்லும் உவமை அழகானது. நோயாளியின் உடம்பு சில வேளை தானாகவே சுகமடைகிறது. சில வேளை மருத்துவர் உதவியால் சுகமடைகிறது. மருத்துவர் புதிதாக ஓர் உடம்பைக் கொடுப்பதில்லை; உடம்பில் உள்ள சக்திக்கே துணை செய்கிறார். ஆசிரியரும் அப்படியே. ஆகவே, "கல்லூரியில் போட்டால் பிள்ளையின் சொந்தத் திறமை கெட்டுப்போகும்" என்று பயப்படுகிறவர்களுக்கு இதுவே உத்தரம். நல்ல ஆசிரியர் விதையைப் பிடுங்கி வேறு விதை நடுகிறவரல்ல. அந்த விதைக்கே தண்ணீர் வார்க்கிறவர்.

நல்ல ஆசிரியர் என்று அழுத்தியே சொல்லுகிறேன். ஏகலைவன் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தனியே காட்டில் வில்வித்தை கற்றவனும் குருவின் மண்சிலையை எதிரே வைத்துக்கொண்டான். ஆசிரியரில்லாமல் கற்றவனுக்கும் ஆசிரியர்மேல் ஏக்கம் இருந்தது. ஆனால் அந்தக் குரு அவன் கட்டைவிரலையல்லவா கேட்டு வாங்கிக்கொண்டார்! கற்பிக்கிற ஸ்தானத்தில் இருக்கிறவர்கள் நடுங்க வேண்டிய கதை இது. பிறனுடைய கைத்திறமையைக் கண்டு காய்மகாரம் கொள்ளுகிறவன் ஆசிரியனல்லன். எழுபது எண்பது வயதிலே, தாங்கள் சேர்த்த தொழில் ரகசியங்களையெல்லாம் ஒரு வாலிபனுக்குத் திறந்து காட்டினார்களே, அவர்களே ஆசிரியர்கள்.

வேதாகமமும் இதையே போதிக்கிறது. எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து இசையாஸ் தீர்க்கதரிசியின் ஆகமத்தைத் தானாகவே வாசித்துக்கொண்டு போனார். வாசிக்கத் தெரிந்தவர்தான். ஆனாலும் விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்டபோது, வழிகாட்டுகிறவர் இல்லாமல் எப்படி விளங்கும் என்று தாழ்ச்சியோடு ஒப்புக்கொண்டு, அவரை ரதத்தில் ஏற்றிக்கொண்டார். அர்ச். சின்னப்பருக்கோ ஆண்டவரே நேரில் காட்சி கொடுத்தார். கொடுத்தும், மற்றதை அறிய நகரத்துக்குள்ளே போகச் சொல்லி, அனனியா என்ற மனிதனை அவரிடம் அனுப்பினார். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்வ ஞானமுமான சேசுநாதர் பன்னிரண்டு வயதிலே தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்கவும் அவர்களை வினவவும் திருவுளமானார். அப்படியானால் கேட்டுக் கற்பது நமக்கு எப்படி அவமானமாகும்?

இன்னொரு திருஷ்டாந்தம். அர்ச். இஞ்ஞாசியார் போர்வீரராயிருந்து மனந்திரும்பியவர். ஞான காரியங்களில் ஆழ்ந்த அனுபவம் அடைந்த பின்பு, 1524-ல், ஏறக்குறைய முப்பத்துமூன்றாம் வயதில், பார்சலோனா நகரில் லத்தீன் இலக்கணத்தை அரிச்சுவடியிலிருந்து படிக்கத் தொடங்கினார். பாடம் நெட்டுரு பண்ண உட்காரும்போதெல்லாம் பக்தியான எண்ணங்கள் இனிமையாக வந்து மனதைக் கலைத்தன. ஜெபத்திலே வராத இனிமை பாடத்திலே வருவானேன் என்று சோதித்து, அது சோதனை என்று கண்டுகொண்டார். உடனே ஆசிரியரிடம் போய், இனிமேல் பாடத்துக்குத் தவறுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். பக்தியுங்கூடக் கற்க வேண்டிய கடமையைத் தடுக்குமானால் அது சோதனையாகலாம் என்றால், "எனக்கே எல்லாம் தெரியும்" என்ற எண்ணத்தைப் பற்றி என்ன சொல்வது!

இனி தகப்பனாரின் பணக் கவலைக்கு வருவோம். அது நியாயமான கவலை. கடன் வாங்கி, வீட்டை அடகு வைத்துப் படிக்கச் சேருமுன், அந்தப் பள்ளியில் கற்பிப்பவர் யார், படித்து முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிப்பது விவேகம். விளம்பரத்தைக் கண்டு ஏமாறுவது விவேகமல்ல. ஆனால் பணமில்லாதவனுக்கு வழியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 1929-ல் வால்ட் டிஸ்னி தம் சித்திரக்காரர்களை லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துச் சுயினார்ட் ஓவியப் பள்ளியின் இரவு வகுப்புக்கு அனுப்பினார். அப்போது அவர் கையில் கட்டணத்துக்குப் பணமில்லை. பள்ளியை நடத்திய அம்மையார் பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். அந்தப் பள்ளி பின்னாளில் நெருக்கடிக்குள்ளானபோது டிஸ்னி கைகொடுத்தார். 1961-ல் அது ஒரு சங்கீதப் பள்ளியோடு சேர்ந்து கலிபோர்னியா கலைக் கழகம் ஆயிற்று. அங்கே 1975-ல் பாத்திர அனிமேஷனுக்கென்றே தனிப் படிப்பு தொடங்கிற்று. ஓர் அம்மையாரின் தயவும், அதை மறவாத நன்றியும் இத்தனை பேருக்கு வாசலைத் திறந்தன.

நம் தேசத்திலும், 1956-ல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனுக்கு டிஸ்னி ஸ்டூடியோவில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் வந்து இளைஞர்களைப் பயிற்றுவித்தார். அங்கே பயின்றவர்களில் ஒருவர், இரசாயனம் படித்திருந்த ராம் மோகன். இந்திய அனிமேஷனுக்குத் தகப்பன் என்று அவரைப் பின்னாளில் அழைத்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். படித்தால் வெற்றி நிச்சயம் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ரிச்சர்ட் வில்லியம்ஸ் 1960-களில் தொடங்கி ஏறக்குறைய முப்பது வருஷம் பாடுபட்ட ஒரு பெரிய படம், குறித்த காலத்தில் முடியாமல், 1992-ல் அவர் கையைவிட்டுப் போயிற்று. வேறொருவர் அதை மாற்றி முடித்து வெளியிட்டார்கள். அவர் அதற்குப் பிறகும் வரைவதையும் கற்பிப்பதையும் விடவில்லை. 2019-ல் இறக்குமட்டும் சித்திரக்காரராகவே இருந்தார். தாலந்து உவமையில் எஜமான் எதைக் கணக்குக் கேட்டார் என்று நினைத்துப் பாருங்கள். ஊரார் புகழ்ந்தார்களா என்று கேட்கவில்லை. கொடுத்ததை மண்ணிலே புதைத்தாயா, பெருக்கினாயா என்றுதான் கேட்டார்.

ஆகையால், தம்பி, உனக்குத் தானாக வந்த வரம் உன்னுடையதல்ல, உன்னிடம் ஒப்படைக்கப்பட்டது என்று அறிந்துகொள். உனக்கு மேலே தெரிந்தவர் ஒருவரைத் தேடிப் போ. அவர் தவறென்று சுட்டிக்காட்டும்போது முகம் சுளிக்காதே. கல்லூரிக்குப் போக வசதியில்லாவிட்டால் நல்ல நூலும், உண்மை சொல்லுகிற ஒரு பெரியவரும் போதும், தொடங்கு. பெற்றோரே, பிள்ளையின் நோட்டைக் கிறுக்கல் என்று தள்ளுமுன் ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து புரட்டிப் பாருங்கள். தொழில் தெரிந்த பெரியவர்களே, உங்கள் வித்தையைக் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

நசரேத்தூர்த் தச்சுப் பட்டறையிலே சர்வேசுரனுடைய திருக்குமாரனுக்கு உளி பிடிக்கக் காட்டிக்கொடுத்த அர்ச். சூசையப்பர், கற்கிறவர்களுக்குத் தாழ்ச்சியையும் கற்பிக்கிறவர்களுக்குத் தாராள மனதையும் நமக்காக மன்றாடிப் பெற்றுத் தருவாராக.

உங்கள் பங்கு சுவாமி