விலைபோகும் சாட்சி

சபையில் ஒருவர் எழுந்து சாட்சி சொன்னால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. உபதேசத்தில் பிசகினால் பாஸ்டரையே மடக்கிக் கேட்கிறவர்கள்கூட, சாட்சி என்றதும் 'ஆமென்' சொல்லிவிடுவார்கள். கிறிஸ்தவப் பதிப்புலகில் வியாபாரம் தடையில்லாமல் நுழைகிற வாசல் இதுதான் என்பது என் எண்ணம்.

2004-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் கார் விபத்தில் சிக்கிய அலெக்ஸ் என்ற ஆறு வயதுப் பையன், கை கால் செயலற்று, வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்து கண் விழித்தான். அவன் பரலோகம் போய்த் திரும்பிய கதை என்று 2010-இல் டின்டேல் ஹவுஸ் பதிப்பகம் ஒரு புத்தகம் போட்டது. அட்டையில் அப்பா பெயரும் மகன் பெயரும். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. இதில் உண்மையில்லை என்று அம்மா பொதுவெளியில் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. 2015 ஜனவரியில் பையனே பகிரங்கக் கடிதம் எழுதினான்: தான் சாகவுமில்லை, பரலோகம் போகவுமில்லை, எல்லாரும் கவனிப்பார்களே என்று சொன்னது அது, வேதமே போதும். அதற்குப் பிறகுதான் புத்தகம் கடைகளிலிருந்து போனது.

பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் பொருந்தவில்லையே. கென்னத் டெய்லர் எளிய நடையில் மாற்றி எழுதிய புதிய ஏற்பாட்டு நிருபங்களைப் பிற பதிப்பகங்கள் தள்ளிவிட, 1962-இல் தானே 2,000 பிரதி அச்சிட்டுத் தொடங்கிய நிறுவனம் டின்டேல் ஹவுஸ். வேதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1536-இல் கொல்லப்பட்ட வில்லியம் டின்டேலின் பெயரை வைத்தார். தன் ராயல்டியை அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தார். அப்பேர்ப்பட்ட இடத்திலேயே இது நடந்தது என்பதுதான் எனக்கு உறுத்தல். ஸாண்டர்வன் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பதிப்பகம் 1988-இல் ஹார்ப்பர் நிறுவனத்தின் கைக்குப் போனதைச் சொல்லி அங்கலாய்ப்பவர்கள் உண்டு. முதலாளி யார் என்பதில் மட்டும் விஷயம் இல்லை.

அமெரிக்காவின் சதர்ன் பாப்டிஸ்ட் சபையார் 2014 ஜூனில், மறுமையைப் பற்றி அறிய வேதமே போதும், தனிமனித அனுபவங்களை நம்பவேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அவர்களுக்கே சொந்தமான லைஃப்வே கடைகள் அந்தக் கோடையிலேயே இத்தகைய புத்தகங்களை வரவழைப்பதை நிறுத்தின. ஆனால் இருந்த சரக்கு மறுவருடம்தான் அலமாரியை விட்டு இறங்கியது. கொள்கை ஒரு நாளில் தீர்மானமாகிவிடும். கையிருப்பு அப்படித் தீராது.

இதையெல்லாம் வாங்கியது யார்? நம்மைப் போன்ற விசுவாசிகள்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்தப் புத்தகத்தைத் தேடியதில் எனக்குக் குறையே தெரியவில்லை. அவள் தேடுவாள் என்று தெரிந்தவர்கள்தான் இன்னும் கொஞ்சம் விசாரித்திருக்க வேண்டும்.

விலைபோவதை மட்டும் அச்சிடுவது நம் சபைகளிலும் உண்டு. புத்தாண்டு ஆராதனை முடிந்து கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையைப் பாருங்கள். எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! நல்ல எதிர்காலம் உண்டு என்கிற வசனம். அதற்கு முந்தின வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் கழியவேண்டும் என்கிறது. கேட்டவர்களில் பலர் அதற்குள் செத்தே போவார்கள். பத்தாம் வசனம் அச்சான அட்டை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

இரண்டையும் சேர்த்துப் போடலாமே என்று எங்கள் சபைப் பொருளாளரிடம் சொன்னேன்.

"எழுபது வருஷம்னு போட்டா யாருண்ணே வாங்குவா?" என்றார்.

அச்சகத்துக்குப் பணம் கட்டவேண்டியவர் அவர்தான். கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.