எடுக்க மறந்த மின்கலம்

செய்த தவறுக்கு மனிதன் பொறுப்பாளி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. செய்யாமல் விட்டதற்கும் அவன் பொறுப்பாளியா? தீய நோக்கம் சிறிதுமின்றி, மறதியினால் விளைந்த சேதத்தை யார் கணக்கில் எழுதுவது? இவ்வினாவுக்கான விடையைப் பெரிய நிகழ்ச்சிகளில் தேடாமல், உள்ளங்கையில் அடங்கும் விளையாட்டுக் கருவி ஒன்றில் தேடிப் பார்ப்போம்.

1989-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. குன்பெய் யோகோய் என்னும் பொறியாளரின் குழு அதனை உருவாக்கியது. அவர்கள் வண்ணத் திரையை நாடாமல், விலை குறைந்த ஒற்றை நிறத் திரையைத் தேர்ந்துகொண்டனர். அதனால் நான்கு சிறிய மின்கலங்களைக் கொண்டே அது பல மணி நேரம் இயங்கிற்று. அதுவும் பின்னர் வந்த அதன் வண்ண வடிவமுமாக 11 கோடிக்கும் மேல் விற்பனையாயின. பிள்ளைகள் வளர்ந்தனர், கருவிகள் பெட்டிக்குள் சென்றன. பலவற்றில் மின்கலங்களும் உள்ளேயே தங்கிவிட்டன.

கேடு அங்கேதான் தொடங்குகிறது. காரவகை மின்கலத்தினுள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் அரிக்கும் பொருள் உண்டு. ஆற்றல் தீர்ந்த கலம் நாள்பட்டுக் கிடக்கையில் உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து அழுத்தம் மிகுகிறது. அடைப்பு நெகிழ்ந்து காரம் கசிகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடி அது வெண்பொருக்காகப் படிகிறது. சுருள்கம்பியின் நிக்கல் பூச்சு அரிபடுகிறது; செம்பு பச்சை பூக்கிறது. நாள்தோறும் கையாளப்பட்டு, கலங்கள் மாற்றப்பட்டுவந்த கருவிக்கு இக்கதி பெரும்பாலும் நேர்வதில்லை. பத்திரமாகப் பொதிந்து வைத்த கருவிக்கே நேர்கிறது.

'நான் அதைக் கெடுக்கவில்லையே, காத்தல்லவா வைத்தேன்?' என்பார் உரியவர். உண்மைதான். ஆயினும் காத்தல் என்பது எடுத்து வைப்பதோடு முடிந்துவிடுகிறதா? நெடுநாள் பயன்படுத்தாத கருவியிலிருந்து மின்கலத்தை அகற்ற வேண்டும் என்பது பரவலாக அறியப்பட்ட அறிவுரை. அறிந்திருந்தும், செய்ய இயன்றும், செய்யாமல் விடுவதையே கடமை தவறுதல் என்கிறோம். நோக்கத்தின் தூய்மை குற்றத்தைக் குறைக்கும், விளைவை மாற்றாது.

அதற்காக எல்லாச் சேதத்தையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது. 1990-இல் சேகா நிறுவனம் வெளியிட்ட 'கேம் கியர்' கருவியில், மின்பலகையிலுள்ள சிறு மின்தேக்கிகளே வயதினால் கசிந்து பலகையை அரிக்கின்றன. ஒலி தேய்கிறது, திரை மங்குகிறது. மின்கலங்களை அகற்றி வைத்தவருக்கும் இது நேரும். இங்கே அவர்மேல் குற்றமில்லை. தம் பிழை எது, காலத்தின் வேலை எது எனப் பிரித்தறியாமல் தம்மையே நொந்துகொள்வது பணிவன்று. அது உண்மைக்குப் புறம்பானது.

செப்பனிடுவோரும் முதலில் இவ்வாறே பிரித்தறிகின்றனர். காரக் கசிவுக்கு வினிகர் தோய்த்த பஞ்சு ஏற்றது. பழைய துத்தநாகக் கரி மின்கலத்தின் கசிவோ அமிலத்தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடா வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோலிருப்பினும் மருந்து வேறு. கண்ணையும் கையையும் காத்துக்கொண்டு துடைத்து, ஆல்கஹாலால் கழுவி, முற்றிலும் உலரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மின்சாரம் செலுத்துவோர் எஞ்சியதையும் கெடுக்க நேரிடும்.

இவ்வளவும் செய்த பின்னரும், அரித்துப்போன செப்புத்தடம் மீள்வதில்லை. மெல்லிய கம்பியொன்றைப் பற்றவைத்து அறுந்த இடத்தை இணைக்கிறார்கள். கருவி இயங்கும், தழும்பு நிற்கும். செப்பனிடுதல் நடந்ததை நடவாததாக்குவதன்று. அதை மறைத்து, வெளிக்கூட்டை மட்டும் பளபளப்பாக்கி விற்பவர் பொய் எதுவும் சொல்வதில்லை, சொல்லவேண்டியதைச் சொல்வதில்லை. மீண்டும் அதே செய்யாமைதான்.

வெறும் விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை சிந்தனையா என வாசகர் வினவலாம். இவ்வரிகளை எழுதும் நாமே, நோயுற்றிருந்த நண்பர் ஒருவரின் மடலுக்கு விடை எழுதுவதை நாளை, நாளை எனத் தள்ளிவந்தோம். மடலைத் தொலைக்கவில்லை, மிகப் பத்திரமாக வைத்திருந்தோம். அவர் இறந்த செய்தி வந்த பின்னரே அதை மீண்டும் வெளியில் எடுத்தோம். அந்த நட்பின்மீது நமக்கிருந்த மதிப்பு பொய்யன்று. ஆனால் அவர் காத்திருந்த நாட்களில் அது அவருக்குப் பயன்படவில்லை.

எழுதவேண்டிய விடையை அவருடைய மனைவிக்கு எழுதினோம். தாமதத்துக்குக் காரணம் எதுவும் கற்பிக்காமல், தவறினோம் என்றே எழுதினோம். அறுந்த தடத்தின்மேல் வைத்த கம்பி அது. அதற்குமேல் அதை உயர்த்திச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

அன்போடு எடுத்து வைத்துவிட்டு, பின்னர் திறந்து பாராமல் விட்டவை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அவற்றுள் சில பொருள்கள், சில மனிதர்கள். இன்றே திறந்து பார்ப்போம்.