ஆடுதன் ஏழு

கட்டைவிரல் சீட்டின் மூலையை மறைத்திருந்தது. நான் கண்டது அவ்வளவுதான். பெரியவர் சீட்டைத் தூக்கினார், முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார், திரும்பவும் கவிழ்த்தார். "வெட்டில்லை" என்றார். இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. கரையில் கிடக்கும் எந்தக் கிழிந்த சீட்டைக் கண்டாலும் அந்தக் கட்டைவிரல் ஞாபகம் வந்துவிடுகிறது.

கச்சான் காற்று அடிக்கிற மாதம். உடப்புக்கும் ஆண்டிமுனைக்கும் நடுவே, கரையோரம் ஒரு வாடி. அந்த மாதங்களில் எங்கள் பக்கத்துக் கடலில் கரைவலை வளைக்க முடியாது. பாதிப்பேர் கிழக்குக் கரைக்குத் தொழிலுக்குப் போய்விடுவார்கள். மிச்சப்பேர் காட்ஸ் அடிப்பார்கள். அன்றைக்கு மின்சாரமும் இல்லை. வடக்கே நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் நிற்கிறது; எங்களுக்கு ஒரு சார்ஜ் லைட். எனக்குச் சோடி அக்காவின் மகன், பதினாறு வயது. எதிர்ச்சோடி பெரியவரும் அவருடைய மச்சானும்.

ஆட்டம் முந்நூற்று நாலு. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீட்டுக்கட்டில் இரண்டு முதல் ஆறு வரை எடுத்துவிட்டால் 32 சீட்டு மிஞ்சும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. ராஜாவுக்கு மூன்று, சேவகனுக்கு முப்பது என்று வைத்தவன் அரண்மனைக்குள் போய் நேரில் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

எடுப்பதாகக் கூடப் புள்ளி கேட்டவர் துரும்பைத் தெரிந்தெடுத்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். துரும்பு எந்த இனம் என்பது அந்த ஆளுக்கு மட்டும்தான் தெரியும். இறங்கிய இனம் கையில் இல்லாதவன், துரும்பாக இருக்கலாம் என்ற நம்பிக்கையில் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடலாம். அதை எடுத்துப் பார்க்கிற உரிமையும் துரும்பு வைத்தவருக்கே. துரும்பென்றால் திறந்து காட்ட வேண்டும், பிடி வெட்டியவனுக்கு. இல்லையென்றால் "இல்லை" என்று திரும்பக் கவிழ்த்துவிடுவார். மற்ற மூன்று பேரும் அந்த ஒரு சொல்லை நம்பி அடுத்த சீட்டைப் போட வேண்டும்.

பெரியவர் 180 கேட்டிருந்தார். மச்சான் கிளாவர் ஜாக்கை இறக்கினார். பையனிடம் கிளாவர் இல்லை. ஒன்றைக் கவிழ்த்துப் போட்டான். பெரியவர் பத்தைப் போட்டார். என்னிடம் இருந்த ஒரே கிளாவர் ராணி, அதுவும் போனது. ஆக 42. பெரியவர் பையனின் சீட்டைத் தூக்கினார், அந்தக் கட்டைவிரல், அந்தக் கொஞ்ச நேரம், "வெட்டில்லை." பிறகு துரும்பு திறந்தபோது அது ஆடுதன் என்று தெரிந்தது. முடிவில் எண்ணினார்கள்: 201. அவர்களுக்கு வெற்றி, ஒரு சிப்பி எங்கள் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது.

நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஆடுதனில் எட்டுச் சீட்டு. என் கண்முன்னே விழுந்தவை ஏழு. விழாமல் போனது ஏழாம் இலக்கச் சீட்டு. அந்த ஆட்டம் முழுக்கக் கவிழ்ந்தபடியே போன சீட்டு ஒன்றே ஒன்று. அது வெட்டுத்தான். அந்தப் பிடி எங்களுக்கு வந்திருந்தால் அவர்களுக்கு 159. கேட்டதற்கு 21 குறைவு. சிப்பி இந்தப் பக்கம் வந்திருக்கும், அதுவும் இரண்டாக. கடைசியில் புள்ளி கூட்டும்போது யாரும் ஏழைக் கவனிப்பதில்லை. அதற்குத்தான் பெறுமதியே கிடையாதே.

எண்ணு என்று பையனுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

அவன் செல்போனில் வேறொரு சீட்டு விளையாட்டு விளையாடுகிறான். அரக்கன், டிராகன் என்று படம் போட்ட சீட்டுகள். அதில் என்ன வசதியென்றால் கட்டை அவனே கட்டிக்கொள்ளலாம். எந்தச் சீட்டு வேண்டும், எது வேண்டாம் என்று பொறுக்கி எடுக்கலாம். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்பவர் உருவாக்கிய மேஜிக் என்ற ஆட்டம் 1993இல் அமெரிக்காவில் வெளிவந்ததிலிருந்து இந்த வகை பரவியதாம். அதில் தேறுவதற்கு வழி சொல்லும் வீடியோக்கள் ஏராளம். எங்கள் ஆட்டத்துக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை போலும். ஒருநாள் வந்து, "மாமா, இதுல நல்லா வர்றதுக்கு என்ன செய்யணும்?" என்றான்.

சொன்னேன். முதலில் வந்த நாலு சீட்டையும் ஆசையோடு பார்க்காதே, கடன்காரன் பார்க்கிற மாதிரிப் பார். கூடக் கேட்பது வீரமில்லை. இன்னும் வராத நாலு சீட்டை நம்பிக் கேட்கிறவன் மழையை நம்பிக் கருவாடு காயப்போடுகிறவன். எதிராளி சீட்டுப் போட எடுக்கிற நேரத்தைக் கவனி. உடனே போட்டால் அந்த இனத்தில் வேறு சீட்டு இருக்காது, யோசித்தால் இருக்கும். தோற்றால் சோடியைத் திட்டாதே, அடுத்த ஆட்டமும் அவனோடுதான். எல்லாவற்றுக்கும் மேலே, எண்ணு. விழுந்ததை எண்ணினால் விழாதது தானாகத் தெரியும்.

இப்போது யோசித்தால், மற்றதெல்லாம் அலங்காரம். எண்ணு என்பது ஒன்றுதான் உண்மையான பாடம். அதுதான் என்னைக் கடித்தது.

என் அம்மம்மாவுக்கு எண்ணுவதே ஆகாது. வலை கரைக்கு வந்து மீனைக் கொட்டும்போது நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினால் கையைத் தட்டிவிடுவாள். "எண்ணாதே, குறைஞ்சிடும்." பிள்ளைகளை எண்ணக் கூடாது, நட்சத்திரத்தை எண்ணக் கூடாது, சட்டியில் இருக்கிற பொரியலை எண்ணவே கூடாது. எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால், நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டாள். "லாபம்" என்று தொடங்கி, அப்புறம் இரண்டு, மூன்று. எட்டு வயதில் எனக்கு இது அசட்டுத்தனமாகப் பட்டது. எண்ணினால் எப்படிக் குறையும்? இருக்கிறது இருக்கும்தானே?

பெரியவர் மேல் எனக்கிருந்த மதிப்பு அன்றிரவு ஒன்று குறைந்தது. எண்ணியதால்தான்.

ஆனால் பெரியவருக்குக் கண் சரியில்லை என்பது ஊருக்கே தெரியும். அந்தச் சார்ஜ் லைட்டில் சிவப்பும் சிவப்பும் ஒன்றாகத் தெரியும். ஆடுதன் ஏழும் உரூவிதன் ஏழும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்கூட ஒருகணம் தடுமாறும். இந்தப் பெயர்கள் எனக்கு எப்போதும் விசித்திரம். ஆடுதன், உரூவிதன், கிளாவர், இஸ்கோப்பன் என்று சின்ன வயதில் சொல்லும்போது ஏதோ பழந்தமிழ் என்று நினைத்திருந்தேன். நாலுமே ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்கள். அவர்கள் பாஷையில் இருதயம், சாய்சதுரக் கண்ணாடி, ஒரு மூவிலைப் பூண்டு, மண்வெட்டி. பாடசாலையில் கற்பிட்டிக் கோட்டைக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடித்த கோட்டை, இப்போது கடற்படையிடம் இருக்கிறது. ஆசிரியர் சுவரின் தடிப்பைக் காட்டினார், ஆண்டுகளை எழுதச் சொன்னார். 1658இல் போர்த்துக்கீசரைத் துரத்தினார்கள், 1796இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அவர்களுடைய சொற்களைத்தான் நாங்கள் பின்வரிசையில் இருந்து காட்ஸ் அடிக்கும்போது பேசிக்கொண்டிருந்தோம் என்று யாரும் சொல்லவில்லை. கக்கூஸும் அவர்கள் தந்ததுதான். கோட்டையை விட அது அதிகம் பயன்படுகிறது.

எங்கே விட்டேன்? கண். கண் தெரியாத ஆள் சீட்டைக் கிட்டக் கொண்டுபோவது இயல்பு. கட்டைவிரல் மூலையில் இருப்பதும் இயல்பு. நானே அப்படித்தான் பிடிக்கிறேன், இப்போது கண்ணாடி முன்னால் நின்று பிடித்துப் பார்த்தேன். இலக்கமும் இனக்குறியும் மூலையில்தான் இருக்கின்றன. கண் மங்கிய ஆள் அந்த மூலையைத்தானே முதலில் தேடுவார்? அதை மறைத்துப் பிடித்துக்கொண்டு எதைப் பார்த்தார்? நடுவில் இருக்கிற ஏழு குறிகளையா? இங்கேதான் ஒவ்வொரு முறையும் வந்து முட்டுகிறேன்.

பாடசாலையில் நளவெண்பா இருந்தது. பாட்டெல்லாம் போய்விட்டது, ஆசிரியர் கதையாகச் சொன்னது மட்டும் ஒட்டியிருக்கிறது. சூதில் நாட்டை இழந்த நளன் தேரோட்டியாகி, இருதுபன்னன் என்ற அரசனிடம் வேலைக்கு இருக்கிறான். போகிற வழியில் ஒரு தான்றி மரம். அரசன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதில் காய் இத்தனை என்று சொல்கிறான். எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. அந்தக் காய்கள்தான் அந்தக் காலத்துச் சூதாடு காய் என்பதை ஆசிரியர் சொல்லவில்லை, பிறகு எங்கேயோ படித்தேன். குதிரை ஓட்டும் வித்தையைக் கொடுத்து நளன் அந்த எண்ணும் வித்தையை வாங்கிக்கொள்கிறான். எண்ணத் தெரிந்த கணமே அவனுக்குள் இருந்த கலி வெளியே ஓடிவிடுகிறான். பாரதத்தில் இந்தக் கதையைக் காட்டில் தருமருக்குச் சொன்ன முனிவர், முடிவில் அவருக்கும் அந்தச் சூது வித்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறார். எல்லாம் தோற்ற பிறகு. முந்நூற்று நாலு உட்பட உலகத்தில் எந்த ஆட்டத்துக்கும் சொல்லப்படுகிற முதல் யோசனை இதுதான் போலிருக்கிறது, எண்ணு. எங்கள் ஊரில் கோவில் கொண்டிருப்பவளும் திரௌபதைதான், சூதில் பணயம் வைக்கப்பட்டவள். அவள் முன்னே தீ மிதித்துவிட்டு வந்துதான் நாங்களும் சீட்டைக் கலக்குகிறோம்.

நளனுக்கு எண்ணத் தெரிந்ததும் கலி வெளியே போனான். எனக்கு உள்ளே வந்தான். இதற்கு அந்தக் கதையில் பதில் இருக்கிறதா என்று தேடினேன். நளன் எண்ணியது மரத்தை. என்னுடைய கணக்கில் ஒரு மனிதர் இருந்தார்.

விரல் என்றதும் இன்னொரு விஷயம். 1965இல் புவெனஸ் அயர்ஸில் பிரிட்ஜ் உலகப் போட்டி. டெரன்ஸ் ரீஸ், போரிஸ் ஷாபிரோ என்ற இரண்டு பிரித்தானியர்கள் சீட்டைப் பிடிக்கிற விரல்களின் எண்ணிக்கையால் ஒருவருக்கொருவர் சைகை காட்டினார்கள் என்று குற்றச்சாட்டு. உலக பிரிட்ஜ் சம்மேளனம் குற்றவாளிகள் என்றது. பிரித்தானியாவில் நடந்த தனி விசாரணை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவில்லை என்று விட்டுவிட்டது. விரல்கள் அதே விரல்கள். பார்த்துக் குறித்து வைத்தவர்களும் ஆட்டத்தில் கரை கண்டவர்கள். அவ்வளவு பேருக்கு முடியாதது எனக்கு ஒரு சார்ஜ் லைட்டில் முடிந்துவிடுமா? இதைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது. இரண்டு நாளில் அந்த ஆறுதல் போய்விட்டது. அங்கே கேட்கவாவது கேட்டார்கள். நான் கேட்கவில்லையே.

ஏன் கேட்கவில்லை? "அண்ணன், அந்தக் கவிழ்ந்த சீட்டை ஒருக்கா திறந்து பாருங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம்? அவருடைய வாடி, அவர் தந்த தேநீர், என் தலைமுறைக்கு மூத்தவர், பக்கத்தில் மச்சான். காசுக்கு ஆடவில்லை, சிப்பிக்குத்தான். இவ்வளவும் காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மரியாதை என்று பெயர் வைத்தேன். உண்மையில், கேட்டிருந்தால் அவர் சீட்டைத் திறந்து, "அடடா, கண் தெரியலப்பா" என்று சிரித்திருக்கலாம். அதோடு தீர்ந்திருக்கும். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்காமல், தீர்ப்பை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இதில் மரியாதை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பெரியவர் செய்தது பிழையோ களவோ, நான் செய்தது நல்ல காரியமில்லை. இதை மட்டும் துணிந்து சொல்கிறேன்.

பையனைப் பற்றி அதைவிடக் குழப்பம். தான் கவிழ்த்தது ஆடுதன் ஏழு என்பது அவனுக்குத் தெரியும். துரும்பு ஆடுதன் என்று திறந்த கணத்தில், தான் வெட்டியிருக்கிறோம் என்பது எண்ணாமலே தெரிந்திருக்க வேண்டும். அவன் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை; சீட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லாமல் அடுத்த சீட்டைப் போட்டான். என்னைப் போலவே பயந்தானா, பெரியவருக்காக விட்டுக்கொடுத்தானா, நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தானா? மூன்றாவதுதான் என்றால் அன்றைக்கு அவன் என்னிடம் கற்றுக்கொண்ட பாடம் எதுவென்று நினைக்கவே கூச்சமாக இருக்கிறது. திரும்பி நடந்து வரும்போது கடலின் இரைச்சலில் எதுவும் பேச முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் வந்து, "மாமா, அடுத்தது என்ன சொல்லித் தரப்போறீங்க?" என்று கேட்டான். முகத்தில் ஒன்றுமே இல்லை. நல்ல ஆட்டக்காரனாகிவிட்டான்.

போன மாதம் பெரியவருக்குக் கண்ணில் படலம் எடுத்தார்கள். பார்க்கப் போனேன். இடது கண்ணில் கட்டு. வலது கண்ணால் என்னை வாசலிலேயே அடையாளம் கண்டு, "வாப்பா, காட்ஸ் கொண்டாந்தியா?" என்றார். வலது கண்ணில் எப்போதுமே ஒரு குறையும் இல்லையாம், மகள் சொன்னாள். இடதுதான் ஐந்தாறு வருஷமாகப் புகை மூட்டம்.

அன்றிரவு அவர் சீட்டை எந்தக் கண்ணுக்கு நேரே பிடித்தார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கட்டைவிரல் ஞாபகம் இருக்கிறது, நகத்தில் இருந்த கறுப்புக்கூட ஞாபகம் இருக்கிறது. எந்தக் கண் என்பது நினைவில்லை.