பழக வேண்டியது யார்?

ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு வெளியூர் போகும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் பயணத்தின் மிகக் கடினமான இடம் பொதுக் கழிப்பறைதான். கூட்டத்தையும் காத்திருப்பையும் எப்படியாவது சமாளித்துவிடலாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு கழிப்பறை வாசலைத் தாண்ட மறுக்கும் பிள்ளையை என்ன செய்வது? வீட்டில் யார் உதவியும் இல்லாமல் போய்வரும் அதே பிள்ளைதான் அது.

இரவுப் பேருந்து நெடுஞ்சாலை உணவகம் ஒன்றில் நிற்கிறது. 'வண்டி பத்து நிமிஷம்தான் நிக்கும்' என்கிறார் நடத்துனர். வாசலில் காசு வாங்கும் மேசை. உள்ளே ஈரத் தரை, பினாயிலும் பாச்சை உருண்டையும் கலந்த நெடி, விட்டு விட்டு மினுங்கும் டியூப் லைட், சாத்தினால் அதிரும் தகரக் கதவு, பக்கத்து அறையில் வாளிக்குள் விழும் தண்ணீர். மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை மட்டும் இரு காதையும் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. 'செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்காங்க' என்று வரிசையில் யாராவது சொல்லாமல் இருப்பதில்லை.

இந்தப் பேச்சுக்குள் ஒரு தத்துவக் கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்த மறுப்பு பிள்ளையின் பிடிவாதமா, அல்லது அந்த இடத்தைப் பற்றி அதன் உடம்பு சொல்லும் உண்மையா? பிடிவாதம் என்றால் திருத்த வேண்டியது பிள்ளையை. உண்மை என்றால் திருத்த வேண்டியது இடத்தை.

மருத்துவம் இதில் தாமதமாகவே தெளிந்தது. லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, வேக்குவம் கிளீனர், லிஃப்ட், ஓடும் தண்ணீர் போன்றவற்றைக் கண்டு அவர்களில் சிலர் அஞ்சியதைக் குறித்திருக்கிறார். ஆனால் புலன்கள் அளவுக்கு மிஞ்சியோ குறைந்தோ உணர்வது அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக இடம்பெற்றது 2013-இல்தான். இடைப்பட்ட 70 ஆண்டுகளில் காதைப் பொத்திய எத்தனையோ பிள்ளைகள் அடம்பிடிப்பவர்கள் என்றே பெயர் வாங்கியிருப்பார்கள்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஒரு பள்ளிச் சிறுமி பொதுக் கழிப்பறைகளில் கை உலர்த்தும் கருவிகள் 44-இன் ஒலியை அளந்தாள். குழந்தைகளின் காது இருக்கும் உயரத்திலும் அளந்தாள். சில கருவிகள் 100 டெசிபெலைத் தாண்டின. குழந்தை மருத்துவ இதழ் ஒன்று அந்த ஆய்வை 2019-இல் வெளியிட்டது. காது வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளை சரியாகத்தான் சொல்கிறது என்பதே அதன் முடிவு. ஆட்டிசம் இல்லாத பிள்ளைக்கும் இது பொருந்தும்; அது பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சமயத்தின் பெயரால் வரும் தீர்ப்பு வேறு மாதிரி. இத்தகைய குடும்பங்களின் பயணம் பல நேரம் நேர்த்திக்கடனுக்காகவே நடக்கிறது. போகும் வழியில் 'முன்வினை' என்ற சொல் எப்படியும் காதில் விழும். தன் துன்பத்தைத் தாங்க ஒருவர் வினைக் கொள்கையில் ஆறுதல் தேடலாம். அடுத்தவர் பிள்ளைமேல் அதை ஏவும்போது, உடைந்த தாழ்ப்பாளைச் சரிசெய்யாமல் விடுவதற்கு அது நல்ல சாக்காகிவிடுகிறது.

சுத்தபத்தம் பற்றிய பயமும் சேர்ந்துகொள்கிறது. டயப்பர் கட்டிய பத்து வயதுப் பிள்ளையைச் சன்னிதிக்குள் அழைத்துப் போகலாமா என்று தயங்கும் பெற்றோர் உண்டு. உடம்பை இழிவென்று ஒதுக்காமல் இறைவன் குடியிருக்கும் இடமாகக் காணும் பார்வை திருமந்திரத்தில் இருக்கிறது. யூத சமயத்தில் கழிப்பறையிலிருந்து வெளியே வந்ததும் சொல்வதற்கென்றே ஒரு பிரார்த்தனை உண்டு. உடம்பின் துவாரங்கள் ஒழுங்காக வேலை செய்வதற்கு அதில் இறைவனுக்கு நன்றி சொல்கிறார்கள். கழிவை வெளியேற்றும் செயலையே வழிபாட்டுக்குள் கொண்டுவந்த மரபு அது. அதற்கு முன்னால் டயப்பர் ஒரு பொருட்டே இல்லை.

இடம் மாறும்வரை பேருந்து காத்திருக்காது. ஆகவே பிள்ளையைத் தயார்செய்யவும் வேண்டியிருக்கிறது. அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'சமூகக் கதை' முறை இதற்குக் கைகொடுக்கும். கழிப்பறையின் படங்களோடு, அங்கே என்னென்ன எந்த வரிசையில் நடக்கும் என்பதைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதி, கிளம்புவதற்குப் பல நாள் முன்பிருந்தே பிள்ளையோடு சேர்ந்து படிப்பார்கள். காதை மூடும் ஹெட்ஃபோன், வீட்டுச் சோப்பு, பழகிய செருப்பு, ஒரு டார்ச், கை துடைக்கத் துண்டு ஆகியவை பையில் இருந்தால் பாதிப் பயம் அடங்கும். தானாக ஃப்ளஷ் ஆகும் டாய்லெட்டில் சென்சார்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிட்டால், பிள்ளை எழுந்து வெளியே போகும்வரை அது வாய் திறக்காது. சிலர் பயணத்தன்று தண்ணீரே கொடுப்பதில்லை. மலச்சிக்கலையும் சிறுநீர்த் தொற்றையும் விலைகொடுத்து வாங்கும் வழி அது.

இந்தத் தயாரிப்புக்குள்ளும் அறம் இருக்கிறது. 'உள்ளே சத்தமே வராது, வா' என்று சொல்லி அழைத்துப் போனால் அன்றைக்கு வேலை நடக்கலாம். அடுத்த முறை அந்தக் குரலைப் பிள்ளை நம்பாது. 'சத்தம் வரும், பத்து எண்ணுவதற்குள் நின்றுவிடும்' என்பதே நியாயமான பேச்சு. தண்ணீர் தரும் தூய்மையையும் உண்மை தரும் தூய்மையையும் வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் ஒரே குறளில் வைத்தார்; கழிப்பறை வாசலில் இரண்டும் ஒருசேரத் தேவைப்படுகின்றன. இழுத்துக்கொண்டு போய் உள்ளே தள்ளுவது பயிற்சியாகாது. கத்தல் நின்றது பழகியதாலா, கத்திப் பயனில்லை என்ற அலுப்பாலா என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. பிள்ளை தன் விருப்பப்படி இன்னும் நாலு இடத்துக்குப் போய்வர உதவும்வரைதான் பழக்குவது நியாயம். பார்ப்பவர் முகம் சுளிக்காமல் இருப்பதற்காகப் பழக்குவது நியாயமே அல்ல.

எந்தப் பழக்கத்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. பதின்மூன்று வயது மகனோடு தாய் மட்டும் வந்தால் எந்தக் கதவுக்குள் போவது? பெண்கள் பக்கம் போனால் ஆட்சேபம் எழும். ஆண்கள் பக்கம் அவனைத் தனியே அனுப்ப முடியாது. இதற்கு விடை குடும்பமாக நுழையக்கூடிய தனி அறை மட்டுமே.

சட்டம் இதை ஓரளவு அறிந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. நீதிமன்ற வளாகங்களின் கழிப்பறைகள் குறித்த வழக்கில் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கழிப்பறை வசதியை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு இணைத்தது. ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையின் கதவில் இருப்பது சக்கர நாற்காலிப் படம். நன்றாக நடக்கும் பிள்ளையோடு அங்கே போனால், இவர்களுக்கு இங்கே என்ன வேலை என்ற பார்வையைச் சந்திக்க வேண்டும். பல இடங்களில் அந்தக் கதவில் பூட்டு தொங்குகிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வாங்குவதற்குள் அந்தப் பத்து நிமிடம் தீர்ந்துவிடுகிறது.