கைக்குள் வந்த உயிர்

ஓர் உயிருக்கு நாம் பட்டிருக்கும் கடன், அந்த உயிரின் விலையைப் பொறுத்ததா? இந்தக் கேள்வி நூல்களில் மட்டும் எழுவதல்ல; கோழிக்கூட்டின் வாசலிலும் எழுகிறது.

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளின் தென்னந்தோப்புகளிலும், இடுக்கியில் தேவிகுளம், பூப்பாறை, வண்டிப்பெரியார்ப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவர்களில் பலருக்குப் புறக்கடைக் கோழி ஒரு சிறு சேமிப்பு. முட்டை பிள்ளைகளுக்கு உணவு. அவசரத் தேவைக்குக் கோழியே பணம். காடு தொலைவில் இல்லாத இடங்களில் இரவில் மரநாயும் காட்டுப்பூனையும் வரும்; பகலில் கீரியும் வல்லூறும் வரும். தெருநாய்க்கோ நேரம் காலம் இல்லை.

விடியற்காலையில் கூட்டைத் திறக்கும் பெண்மணி காண்பது என்ன? சில கோழிகள் இறந்து கிடக்கின்றன. ஒன்று மட்டும் முதுகுத்தோல் கிழிந்து, மூலையில் ஒடுங்கி, உயிரோடு இருக்கிறது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் ஆட்டோ வாடகையே கோழியின் விலையை மிஞ்சிவிடும். அன்றைய கூலியும் போய்விடும். ‘ஒரு கோழிக்காக இவ்வளவா?’ என்று அவர் கேட்டால், அது இரக்கமற்றவரின் கேள்வி அல்ல, வறுமையின் கேள்வி. அதற்கு நேர்மையாக விடை தேட வேண்டும்.

குற்றம் யாருடையது?

முதலில் எழுவது கோபம். ‘தின்றது ஒன்று, கொன்றது பத்து, இது கொலைவெறி அல்லவா?’ என்கிறோம். ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கியலாளர் 1972-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இங்கிலாந்தின் கடற்கரையில் காரிருள் இரவுகளில் கடற்காகங்கள் பறந்து தப்பாமல் அமர்ந்திருந்தபோது, நரிகள் தம் தேவைக்கு மேல் அவற்றைக் கொன்றதை அவர் விளக்கினார். வழக்கமாக ஒன்று பிடிபட்டதும் மற்றவை சிதறி ஓடிவிடும். வேட்டையும் அத்துடன் முடியும். இரை தப்ப முடியாத இடத்தில் வேட்டையுணர்வு ஓய்வதில்லை.

நம் கோழிக்கூடும் அத்தகைய இடமே. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, கதவோ அடைபட்டிருக்கிறது. அந்தப் பத்துச் சாவுகளில் மரநாயின் பசிக்கு ஒரு பங்கு. நாம் சரியாகத் தாழிடாத கதவுக்கும் பழுது பார்க்காத வலைக்கும் மறு பங்கு. புறாவைக் காத்த சிபிச் சக்கரவர்த்தி பருந்தின்மேல் கோபம் கொள்ளவில்லை. அதன் பசியையும் நியாயமென்று ஏற்றான். நாமோ செத்த கோழியில் விஷம் தடவி வைக்கத் துணிகிறோம். அதைத் தின்று மடிவது கீரி மட்டுமல்ல, காக்கையும் வளர்ப்பு நாயும்கூட. அது அறத்துக்குப் புறம்பானது; 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் புறம்பானது.

கடன் எங்கே பிறக்கிறது?

காட்டுக்கோழி அந்தியில் மரக்கிளையில் ஏறி அடைகிறது. தன் காவலைத் தானே பார்த்துக்கொள்கிறது. வீட்டுக்கோழிக்கோ அந்த மரக்கிளை நாம்தாம். அதன் முட்டையைப் பெற்றோம். அது எங்கே உறங்க வேண்டும் என்பதையும் முடிவு செய்தோம். ஓர் உயிரின் சுதந்திரத்தை நாம் வாங்கிக்கொண்ட கணத்திலேயே அதன் ஆபத்தும் நம்முடையதாகிறது. ஆகவே இந்தக் கடன் கோழியின் விலையிலிருந்து பிறப்பதன்று. நம் பொறுப்பிலிருந்து பிறப்பது. உயிர்களிடம் கருணை காட்டுவதைக் குடிமக்களின் கடமையாக நம் அரசியல் சட்டமும் 1976-ஆம் ஆண்டின் திருத்தத்தில் சேர்த்தது.

ஏழையால் இக்கடனைத் தீர்க்க முடியுமா? முடியும். ஏனெனில் முதலில் செய்ய வேண்டியவற்றுக்குப் பெரும் செலவில்லை. காயம்பட்ட கோழியை உடனே பிரித்து வைக்க வேண்டும். ரத்தத்தைக் கண்டால் மற்றவை அங்கேயே கொத்தும். ரத்தம் வடிந்தால் சுத்தமான துணியால் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். காய்ச்சி ஆறவைத்த வெதுவெதுப்பான உப்புநீரால் புண்ணைக் கழுவி, பொவிடோன் அயோடின் மருந்தை இடலாம். பிறகு வைக்கோல் பரப்பிய பெட்டியில், இருட்டாகவும் கதகதப்பாகவும், ஈ அண்டாமலும் வைத்தால் அதிர்ச்சி தணியும். தண்ணீரை வாயில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் புகுந்துவிடும். அலகருகே கிண்ணத்தை வைத்தால் போதும். பல் பதிந்த காயம் வெளியே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும். அதற்கு மட்டும் கால்நடை மருத்துவரின் உதவி அவசியம்.

கோழி தன் வலியை எளிதில் காட்டிக்கொள்ளாது. தளர்ச்சி தெரிந்தால் பகை தேடி வரும் என்பது வேட்டையாடப்படும் இனங்களின் இயல்புணர்வு. அதன் மௌனத்தை ‘வலி இல்லை’ என்று நாம் பொருள் கொள்ளலாகாது.

பிழைக்காது என்றால்?

1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீராத வேதனையில் துடித்தது. மருத்துவம் கைவிட்ட பின், காந்தியடிகளின் ஒப்புதலோடு ஊசி மூலம் அதன் உயிர் முடிக்கப்பட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. கோபத்தாலோ சுயநலத்தாலோ துன்புறுத்துவதே ஹிம்சை. அந்த உயிரின் நலன் ஒன்றையே கருதி, வேறு வழியே இல்லாதபோது செய்வது அப்படியன்று என்பது அவரது விடையின் சாரம்.

இந்த வாதத்தை ஏற்பதில் ஓர் அபாயம் உண்டு. பராமரிக்கும் சிரமத்திலிருந்து தப்புவதற்கும் ‘கருணை’ என்று பெயர் சூட்டிவிடலாம். எனவே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் முடிக்க விரும்புவது அதன் துன்பத்தையா, என் தொல்லையையா? மருத்துவர் நம்பிக்கை இல்லை என்றபின், வலியின்றி விரைவாக விடை கொடுப்பதைப் பழிக்க இயலாது. காயம்பட்ட கோழியைக் குழம்புக்கு அறுக்கும் வீடுகளும் உண்டு. அதைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது: ‘பிழைத்தால் பிழைக்கட்டும்’ என்று சொல்லி, சிகிச்சையும் தராமல், முடிவும் தராமல் மூலையில் போட்டுவிடுவது. இதில் நம் கை எதுவும் செய்யவில்லை. ஆனால் துன்பம் மட்டும் நாள்கணக்கில் நீள்கிறது.

பெரிய தியாகங்களைச் செய்யும் வாய்ப்பு எல்லோருக்கும் வருவதில்லை. ஒரு பெட்டி, ஒரு கைப்பிடி வைக்கோல், சிறிது உப்புநீர், பொழுது சாய்வதற்குள் பழுது பார்த்த ஒரு கதவு ஆகியவை எல்லோராலும் இயலும். கைம்மாறு சொல்லத் தெரியாத உயிருக்கு, எவரும் காணாத இடத்தில் செய்யும்போதே நம் கருணை எத்தகையது என்பது தெரிகிறது.