மரபும் கடமையும்

மூதாதையர் நமக்கு விட்டுச் செல்வன நிலமும் மொழியும் பழக்கவழக்கங்களும் மட்டுமல்ல. உடலின் இயல்பும் அவர்கள் வழியே வருவதுதான். அவ்வாறு வருவனவற்றுள் நோயின் வித்தும் ஒன்றாக இருப்பின், அதற்குப் பொறுப்பு யாருடையது? அதனை முன்னரே அறிவது நன்றா, அறியாதிருப்பது நன்றா?

குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் 'ரெட்டினோபிளாஸ்டோமா' என்னும் புற்றுநோய் இவ்வினாக்களுக்கு நல்லதோர் உரைகல். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் காணப்படுவது அது. அதனை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவ அறிஞர் ஆல்பிரெட் நட்சன், 1971-ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். ஓர் உயிரணு புற்றாக மாற இரண்டு அடிகள் விழவேண்டும்; சில குழந்தைகள் முதல் அடியைப் பிறப்பிலேயே பெற்று வருகின்றன; இரண்டாம் அடி பின்னர் விழித்திரையின் உயிரணுவில் விழுகிறது என்பதே அது. 1986-இல் அதற்குரிய மரபணுவும் பிரித்தறியப்பட்டது.

இம்மரபணுப் பழுது தந்தை வழியும் வரலாம்; தாய் வழியும் வரலாம்; இருவரிடமும் இன்றிப் புதிதாகவும் தோன்றலாம். ஆயினும் நம் குடும்பங்களில் பழி பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழக் காண்கிறோம். தாம் விரும்பாத, அறிந்தும் இராத ஒன்றுக்காக ஒருவரைக் குற்றவாளியாக்குவது அறமாகாது.

ஆனால், அறிந்தபின் நிலை வேறு. பெற்றோருள் ஒருவரிடம் இப்பழுது இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பிறந்தது முதல் கண்களை முறையாகச் சோதித்து வந்தால், கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டு உயிரைக் காக்கலாம். பார்வையையும் பெரும்பாலும் காக்கலாம். மகளின் திருமணம் தடைப்படுமே என அஞ்சிக் குடும்ப நோயை மறைப்போர்பால் இரக்கம் கொள்ளலாம். எனினும் அம்மறைப்புக்கு விலை கொடுப்பது வாய் பேச அறியாத பேரக்குழந்தை அன்றோ?

எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. வளர்ந்தபின் வரக்கூடியதும், இளமையில் செய்யத்தக்கது ஏதுமில்லாததுமான நோயாயின், குழந்தை வளர்ந்து தானே முடிவு செய்யும்வரை சோதனையைத் தள்ளிவைப்பதே மருத்துவர் பொதுவாகக் கொள்ளும் நெறி. அங்கே அறிவதா வேண்டாமா என்பது அக்குழந்தைக்கே உரிய உரிமை. பெற்றோரின் ஆவல் அதனைப் பறித்தல் தகாது.

வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முதல் அடியை ஊழ் எனக் கொள்வோமாயின், உறவினர்க்கு உண்மையை உரைத்தலும் குழந்தையை உரிய காலத்தில் மருத்துவரிடம் சேர்த்தலும் ஆள்வினையாகும். நோயின் வித்தைக் கொடுத்ததற்கு எந்தப் பெற்றோரும் நாண வேண்டியதில்லை. காக்க இயலும் காலத்தில் வாய்மூடி இருந்ததற்கே நாண வேண்டும்.