மறைப்பது அன்பாகுமா?



நோயாளிக்கு அவருடைய நோயைச் சொல்லாமல் விடுவது நம்மவர்களிடையே நெடுங்காலமாக இருந்து வரும் வழக்கம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; அயலவருக்கும் தெரியும்; படுக்கையில் இருப்பவருக்கு மட்டும் தெரியாது. "சொன்னால் மனம் உடைஞ்சு போவார்" என்பது நாம் கூறும் காரணம். இது அன்பினால் செய்யப்படுவது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்பினால் செய்யப்படுவன யாவும் அறமாகிவிடுமா என்பதே என் கேள்வி.

இக்கேள்வி எனக்கு நூல்களிலிருந்து வரவில்லை. என் தந்தையாரின் இருதய நோயிலிருந்து வந்தது. நான் வைத்தியன் அல்லன், கணக்காளன். நோயைப் பற்றி இங்கே எழுதுபவை வைத்தியர்கள் எமக்கு விளக்கியவையும், பின்னர் நான் வாசித்து அறிந்தவையுமே. எவரும் இதனை வைத்திய ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம்.

ஐயாவுக்கு அப்போது வயது 79. வடமராட்சியில் தபால் கந்தோரில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2000ஆம் ஆண்டில் குடும்பமாக அகதிகளாய் லண்டன் வந்து சேர்ந்தோம். அன்று தொடக்கம் வங்கிக்கும், உள்துறை அலுவலகத்துக்கும், வைத்தியரிடமும் ஐயாவின் வாய் நானாகவே இருந்து வந்தேன். ஆகவே மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி, கால்களும் வீங்கத் தொடங்கியபோது, வைத்தியசாலைக்கும் நானே கூடச் சென்றேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். "மகன் நான் இருக்கிறேன், தேவையில்லை" என்றேன். பெருமையோடுதான் சொன்னேன்.

இருதயத்துக்கு வேலை இரண்டு. சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுவது ஒன்று. தளர்ந்து இரத்தத்தை உள்ளே ஏற்பது மற்றொன்று. தள்ளுவதைப் பற்றியே நாம் பேசுகிறோம். ஐயாவின் இருதயம் ஓரளவு நன்றாகவே தள்ளியது. பழுது ஏற்பதில் இருந்தது. இருதயச் சுவர்கள் விறைத்துப் போனதால் அவை தளர்ந்து விரிய முடியவில்லை. உள்ளே வர வேண்டிய இரத்தம் பின்னே தேங்கி, நுரையீரலில் மூச்சுத் திணறலாகவும் கால்களில் வீக்கமாகவும் வெளிப்பட்டது. இதனை றெஸ்ட்ரிக்டிவ் கார்டியோமயோபதி என்கிறார்கள். இறுகிப்போன இருதயத் தசை என்று நாம் சொல்லலாம்.

இந்த இறுக்கத்துக்குக் காரணங்கள் பல. கேரளத்திலும் உகண்டாவிலும் இருதயத்தின் உட்புறம் தழும்பு கட்டி இறுகும் ஒரு வகை காணப்பட்டது. உடலில் இரும்புச் சத்து மிகையாகச் சேர்வதாலும் வரலாம். இங்கே முதியவர்களிடம் முக்கியமாகத் தேடப்படுவது அமிலோயிட் என்னும் படிவு. ஈரலில் உற்பத்தியாகும் ஒரு புரதம் தன் வடிவம் குலைந்து, நுண்ணிய நார்களாக இருதயத் தசையினுள் ஆண்டாண்டாகப் படிகிறது. தசையை வெளியிலிருந்து மூடியிருக்கும் உறை தடித்து இறுகினாலும் இதே அறிகுறிகள் தோன்றும். அந்த உறை நோயைப் பல வேளைகளில் சத்திரசிகிச்சையால் நீக்கலாம். தசை நோயை அவ்வாறு நீக்க முடியாது. ஆகவே இரண்டையும் பிரித்தறிவது அவசியம். உறை இறுகுவதற்கு நம் நாடுகளில் முக்கிய காரணம் சயரோகம். "முன்பு சயரோகம் வந்ததா?" என்று வைத்தியர் கேட்பது அதனால்தான். அந்தக் கேள்விக்கு நம்மவர் எத்தனை பேர் உண்மையான பதில் சொல்வார்கள் என்பதை வாசகர்களே அறிவீர்கள்.

ஐயாவின் நோய் பிடிபட்ட விதம் ஒரு கணக்காளனுக்கு நன்கு விளங்கக் கூடியது. எக்கோ பரிசோதனையில் இருதயச் சுவர் தடித்திருந்தது. தசை தடித்தால் ஈ.சி.ஜி. கோடுகளும் உயர வேண்டும். அவையோ சிறுத்திருந்தன. ஒரே கடையின் இரண்டு புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அங்கேதான் வைத்தியருக்குச் சந்தேகம் பிறந்தது. முதலில் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தார்கள். எலும்பு மச்சையில் தோன்றும் வேறொரு வகை அமிலோயிட் உண்டு, அதற்கு உடனடியாகக் கீமோ சிகிச்சை தேவை என்பதால் அது இல்லையென்று உறுதி செய்ய வேண்டியிருந்தது. பின்னர் எலும்பு ஸ்கானுக்குப் பயன்படும் கதிரியக்க மருந்தை ஏற்றிப் படம் எடுத்தார்கள். எலும்பில் சேர வேண்டிய மருந்து இருதயத்தில் சேர்ந்து ஒளிர்ந்தது. இவ்விரு பரிசோதனைகளும் சேர்ந்தால், பெரும்பாலானோருக்கு இருதயத்தில் ஊசி செலுத்தித் தசை எடுக்காமலே இந்நோயை உறுதி செய்யலாம் என்பது 2016இல் வெளியான ஆய்வொன்றின் மூலம் நிலைநாட்டப்பட்டது.

இனி என் தவறுகளுக்கு வருகிறேன். அவை இரண்டு.

முதற் சந்திப்பிலேயே, "கைகளில் விறைப்பு இருந்ததா? இப்போது அல்ல, பல ஆண்டுகளுக்கு முன்பாவது?" என்று வைத்தியர் கேட்டார். இருதயத்துக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணி, ஐயாவைக் கேட்காமலே "இல்லை" என்று நானே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து இதை வேடிக்கையாகச் சொன்னபோது அம்மா, "பத்து வருஷமா இரவில ரெண்டு கையும் விறைக்குது எண்டு உதறிப்போட்டுத்தானே படுக்கிறவர்" என்றார். அமிலோயிட் இருதயத்தில் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மணிக்கட்டில் படிந்து நரம்பை நெருக்குவதுண்டு. பிள்ளைகளுக்குக் கவலை வேண்டாமென்று ஐயா அதனை எங்களிடம் சொல்லவில்லை. அவர் மறைத்ததும் அன்பினாலேயே.

இரண்டாவது, 2024 ஜூலை மாதத்தில் நடந்தது. வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னார். படிந்ததை அகற்ற முடியாது, மேலும் படிவதைத் தாமதப்படுத்த மருந்து உண்டு, அதற்குச் சிறப்பு நிலையத்தில் காட்ட வேண்டும், காலம் முக்கியம் என்றார். ஐயா என் முகத்தைப் பார்த்தார். "இருதயம் கொஞ்சம் பலவீனமாம் ஐயா. குளிசை தருவினம். பயப்பிட ஒண்டுமில்லை" என்றேன். வைத்தியர், நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று எண்ணித் தலையசைத்தார்.

சிறப்பு நிலையத்தின் திகதி ஆகஸ்ட் மாதத்தில், கோயில் தேருக்கு முதல் நாள் வந்தது. ஐயா, "திருவிழா முடியட்டும், பிறகு பாப்பம். பெரிய வருத்தம் இல்லையெண்டு நீதானே சொன்னனீ" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால் முதலில் சொன்னது பொய்யாகும். ஆகவே திகதியை மாற்றினேன். திருவிழாவில் ஐயா நீர் வெளியேற்றும் குளிசையையும் நிறுத்திவிட்டார். அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்ததாம். ஊறுகாயும் மோர்மிளகாயும் வழக்கம் போலவே நடந்தன. செப்டெம்பர் நடுப்பகுதியில் ஓரிரவு மூச்சு முட்டி, அம்புலன்சில் கொண்டு போனோம்.

அடுத்த நாள் வைத்தியசாலையே ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தது. நம் பிள்ளைகளின் வயதுள்ள ஒரு தங்கச்சி. வைத்தியர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல், மரியாதையாக, நல்ல தமிழில் சொன்னார். ஐயாவின் மனம் உடையவில்லை. நான்கைந்து கேள்விகள் கேட்டார். மருந்தின் பயன் என்ன, எவ்வளவு காலம், பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்டார். எல்லோரும் போன பின் என்னைப் பார்த்து, "தம்பி, உனக்கு இது எப்ப தெரியும்?" என்றார்.

"ஜூலையில, ஐயா."

சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "எத்தினை சாவுத் தந்தி குடுத்திருப்பன். சின்னப் பிள்ளையள் வாசலில நிக்கும். கை நடுங்கும். எண்டாலும் ஒரு தந்தியையும் நான் வைச்சுக்கொள்ளேல்லை. ஆற்ற பேருக்கு வந்ததோ அவரிட்டைக் குடுக்க வேணும். இது என்ர பேருக்கு வந்தது தம்பி."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் அன்று தொடக்கம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பொய்யே கூடாது என்பது என் கருத்தன்று. ஜெர்மானிய தத்துவஞானி கான்ற், கொலைகாரன் வாசலில் வந்து நின்று நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் எழுதினார். சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்த நம்மால் இதனை ஏற்க முடியாது. பக்கத்து வீட்டுப் பெடியன் எங்கே என்று துப்பாக்கியோடு கேட்டவனுக்குத் தெரியாது என்று சொன்ன தாய்மாரை நாம் பாவிகள் என்று சொல்வோமா? வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்க்கும் ஓர் இடம் கொடுக்கிறார். நோயை மறைப்போர் இதனையே மேற்கோள் காட்டுவர். நானும் மனதுக்குள் காட்டினேன்.

ஆனால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. சாவடியில் நின்றவனுக்கு அந்த உண்மையின் மேல் உரிமையில்லை. ஐயாவின் நோயோ ஐயாவுக்கே உரியது. அதனைச் சுமப்பவர் அவர். உப்பைக் குறைப்பதும், குளிசையை விழுங்குவதும், மிஞ்சிய நாட்களை எப்படிக் கழிப்பது என்று தீர்மானிப்பதும் அவரே. உரிமையற்றவனிடமிருந்து ஒன்றைக் காப்பது வேறு. உரியவரிடமிருந்து அதனை எடுத்து வைத்துக்கொள்வது வேறு. முதலாளியின் கணக்கில் நட்டம் இருக்கிறது என்று முதலாளிக்கே காட்டாத கணக்காளனை எவரும் அன்புள்ளவன் என்று சொல்ல மாட்டார்கள்.

வள்ளுவர் வைத்த நிபந்தனையையும் நாம் மறந்துவிடுகிறோம். விளையும் நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். என் பொய்யில் விளைந்தது என்ன? சில வாரங்கள் வீணாயின. ரஃபாமிடிஸ் என்னும் மருந்தை 441 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2018இல் வெளியானது. 30 மாதங்களில், மருந்தில்லாத வெறுங்குளிசை எடுத்தோரில் 100க்கு ஏறத்தாழ 43 பேர் இறந்தனர். மருந்து எடுத்தோரில் ஏறத்தாழ 30 பேர். குணப்படுத்தும் மருந்தல்ல; தாமதப்படுத்தும் மருந்து. விலையைக் காரணமாகக் கொண்டு 2021இல் இங்கிலாந்தில் இதற்குப் பரிந்துரை மறுக்கப்பட்டு, 2024 ஜூனிலேயே தேசிய சுகாதார சேவையில் வழங்கப் பரிந்துரைக்கப்பட்டது. இத்தகைய மருந்தில் இழந்த காலத்தைத் திரும்பப் பெற முடியாது. இழந்தவை சில வாரங்கள்தானே என்று எனக்கு ஆறுதல் சொல்வோர் உண்டு. அவை என்னுடைய வாரங்களாக இருந்திருந்தால் நானும் அவ்வாறு சொல்லலாம்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். சிகிச்சையின் முக்கிய ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் நோயாளிக்கு விளங்கச் சொல்வது வைத்தியரின் கடமை என்று இந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் மொன்கொமறி வழக்கில் தீர்ப்பளித்தது. வைத்தியர் தம் கடமையைச் செய்தார். இடையில் நின்று அதனைப் பயனற்றதாக்கியவன் நான்.

ஒருவர், "எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், மகனிடம் சொல்லுங்கள்" என்று விரும்பினால் என்ன செய்வது? அதுவும் அவர் உரிமையே. ஆனால் அந்த விருப்பத்தை அவரிடம் கேட்டே அறிய வேண்டும். நாமாக ஊகிக்கக் கூடாது. சொல்லும் முறையிலும் அன்பு வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. சிலவேளை நாம் காப்பாற்றுவது நோயாளியின் மனதை அல்ல, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அஞ்சும் நம்முடைய மனதையே. என் விடயத்தில் அதுவே உண்மை.

ஆகவே வாசகர்களிடம் என் பணிவான வேண்டுகோள் மூன்று. பெற்றோருடன் வைத்தியசாலைக்குச் செல்லும்போது மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தேசிய சுகாதார சேவையில் அதற்குக் கட்டணம் இல்லை. நீங்கள் பிள்ளையாகப் பக்கத்தில் இருங்கள். கேள்வி அவருக்கு வந்தால் பதிலையும் அவரே சொல்லட்டும். பெரியவர்களே, நீங்களும் கை விறைப்பையும் பழைய சயரோகத்தையும் மறைக்காதீர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வைத்தியர் அறிய வழியில்லை.

மரபணுப் பரிசோதனையில் ஐயாவின் நோய் வழிவழியாக வருவதல்ல, முதுமையில் தோன்றும் வகை என்று தெரிந்தது. வழிவழியாக வருவதாயின் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டாம். அந்த முடிவை ஐயாவே எங்களுக்கு அறிவித்தார்; தங்கையைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னதும் அவரே. இப்போது தினமும் காலையில் நிறை பார்த்து, திகதியிட்டு, ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறார். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் தாதிக்கு அறிவிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கொப்பியை என்னிடம் காட்டுவார். நானும் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிடுவேன்.

சிந்திப்போமாக.